ஒற்றையறை வீட்டில் இணைய வகுப்பு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். ஏலத்துக்குப் போகிறவரின் கைப்பேசியும் அவரோடு போய்விடும். மூலக்கொத்தளத்தில் ஆட்டோ ஓட்டுபவர், துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி எடுப்பவர், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் கைப்பேசி அவர்களுக்குத் தொழில் கருவி. சவாரி அதில்தான் வருகிறது, கூலி அதில்தான் வந்து சேர்கிறது, முதலாளி கூப்பிடுவதும் அதில்தான். இரவு எட்டு மணிக்கு மேல் அது வீடு திரும்பும்போது சார்ஜ் இறங்கியிருக்கும், அன்றைய டேட்டாவில் பாதி தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்ணுக்கும் ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் தம்பிக்கும் இணையவழிக் கல்வி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இணையவழிக் கல்வியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மென்பொருளில் தொடங்கி மென்பொருளிலேயே முடிந்துவிடுகிறது. எந்தச் செயலி நல்லது, முப்பரிமாண வகுப்பறை எப்போது வரும், செயற்கை நுண்ணறிவு ஆசிரியரின் இடத்தைப் பிடிக்குமா என்று அது போகிறது. இந்தக் கேள்விகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் வடசென்னையிலிருந்து பார்க்கும்போது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: பாடம் திரையில் ஓடும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தொலைவிலிருந்து கற்பிக்கும் முறைகளில் நிலைத்தவை இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு விடையைக் கையில் வைத்திருந்தன. தடுமாறியவற்றில் பல அதைக் கேட்கவே இல்லை.

கிலோமீட்டரில் அளக்க முடியாத தொலைவு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1951இல் வானொலிப் பள்ளி ஒன்று தொடங்கியது. பக்கத்து வீடே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மாட்டுப் பண்ணைகளில் வளரும் குழந்தைகளுக்காக, சிற்றலை வானொலி வழியே ஆசிரியர் பாடம் நடத்தினார். குழந்தைகள் மறுமொழி சொல்லவும் முடிந்தது. பாடத்தாள்கள் தபாலில் போயின. இந்த ஏற்பாட்டின் பெருமையைப் பேசுபவர்கள் வானொலியைப் பற்றிப் பேசுவார்கள். அதன் உயிர்நாடி வேறு இடத்தில் இருந்தது. குழந்தைக்கு அருகே ஒரு பெரியவர் தினமும் உட்கார்ந்து பாடத்தை நகர்த்திச் செல்ல வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட நிபந்தனை போலவே இருந்தது. பெரும்பாலும் தாய், வசதியான பண்ணைகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒருவர். இன்று உலகம் முழுவதும் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்தும் மூடில் என்ற, இணையத்தில் பாடம் நடத்தும் கட்டற்ற மென்பொருளை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் இதேபோல் வானொலி வழியே படித்து வளர்ந்தவர்.

கல்வியாளர் மைக்கேல் ஜி. மூர் 1970களில் முன்வைத்த கருத்து இந்த இடத்தில் உதவுகிறது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உள்ள தொலைவை நிலப்பரப்பை வைத்து அளக்கக் கூடாது, அவர்களுக்கு இடையே எவ்வளவு உரையாடல் நடக்கிறது என்பதை வைத்து அளக்க வேண்டும் என்றார் அவர். உரையாடல் கூடினால் தொலைவு சுருங்கும். பாடம் இறுகிப்போய், கேட்பதற்கு இடமில்லாமல் போனால் தொலைவு விரியும். விரிந்த தொலைவைத் தாண்டுவதற்கு மாணவரிடம் தானாகவே படிக்கும் பழக்கம் கூடுதலாக இருந்தாக வேண்டும். அறுபது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் கடைசி பெஞ்சு, இந்த அளவுகோலின்படி, சில வீடுகளில் நடக்கும் இணைய வகுப்பைவிடத் தொலைவில் இருக்கலாம். எனவே நேரடி வகுப்பு எப்போதும் நெருக்கமானது என்றும் சொல்லிவிட முடியாது.

தமிழில் இணையம் வழியே கற்பிக்கும் முயற்சி பலர் நினைப்பதைவிட முந்தியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அதற்கான அறிவிப்பு வந்தது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி அதற்குப் பொறுப்பேற்று வழிநடத்தினார். இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி தொடங்கிப் பட்டப்படிப்பு வரை அது வகுத்த பாடங்கள் முதன்மையாகக் கடல் கடந்து வாழும் தமிழர்களை மனத்தில் கொண்டவை. டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் குழந்தைக்குக் கணினி இருந்தது, இணைய இணைப்பு இருந்தது, படிக்க ஓர் அறை இருந்தது, பக்கத்தில் தமிழ் பேசும் தாத்தாவோ பாட்டியோ இருந்தார்கள். தமிழாசிரியர் மட்டும் இல்லை. அந்த ஒரு குறையை இணையம் நிரப்பியது. எங்கள் தண்டையார்பேட்டைப் பிள்ளையின் நிலை இதற்கு நேர் எதிரானது. ஆசிரியரும் பள்ளியும் நடந்துபோகும் தூரத்தில் உண்டு. கல்விக்கழகத்தின் கோட்டூர்புரம் அலுவலகமும் அதே ஊரில்தான். கணினியும் அறையும்தான் இல்லை.

2020இல் நடந்த கணக்கு

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த மே மாதம் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களிலேயே ராயபுரத்தில்தான் தொற்று எண்ணிக்கை அதிகம். தெரு முனைகளில் தகரம் வைத்து அடைத்தார்கள். அந்தத் தகரத்துக்கு உள்ளேதான் இணைய வகுப்பும் நடக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய குழந்தை, தன் வகுப்பறைக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது.

அந்த நாட்களின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட நான்கு வகுப்புகள் வரை நடத்தலாம். அதிகபட்சம் மூன்று மணி நேரம். பலர் கலந்துகொள்ளும் காணொளி அழைப்பு, மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி டேட்டாவை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான குடும்பங்கள் போட்டிருந்த ரீசார்ஜில் ஒரு நாளுக்குக் கிடைத்தது ஒன்றரை ஜிபி அல்லது இரண்டு ஜிபி. ஒரு பிள்ளைக்கே போதாத இடத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரே கைப்பேசி. கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கத் தமிழ்நாடு அரசு முன்வந்தது நல்ல செயல். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை.

இதே பாடத்தை ஒலியாக மட்டும் அனுப்பியிருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் அனுப்பப்படும் தெளிவான பேச்சு, ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி அளவுக்குத்தான் வரும். முப்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சை ஒரு ஜிபிக்குள் அடக்கிவிடலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் தாமாகவே கண்டுகொண்டார்கள். கரும்பலகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள், அதன் கீழே மூன்று நிமிடக் குரல் பதிவைச் சேர்த்தார்கள். அன்றைய வாட்ஸ்அப்பில் 16 எம்பிக்கு மேல் காணொளியை நேரடியாக அனுப்ப முடியாது என்பதால் பாடம் தானாகவே சிறு துண்டுகளாகிப்போனது. ஆசிரியர்கள் நெருக்கடியில் செய்தது ஆய்வுக்கும் ஒத்துப்போகிறது. பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர் கவனம் ஆறு நிமிடத்துக்கு மேல் பொதுவாக நிற்பதில்லை என்று காட்டியது.

"மிஸ், அவள் அப்பா வந்ததும் பார்த்து எழுதி அனுப்புவாள்" என்று தாய்மார்கள் சொன்ன பதிலில் ஒரு கல்விக் கொள்கையே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். காலை பத்து மணிக்கு நேரலையாக நடக்கும் வகுப்பு அந்தப் பெண்ணுக்கு இல்லாத வகுப்பு. இரவு ஒன்பது மணிக்குத் திறந்து பார்க்கக்கூடிய பாடம் அவளுக்கு உண்மையான வகுப்பு. நேரலை வகுப்பைத்தான் உயர்ந்ததாக நினைத்துப் பல பள்ளிகள் வருகைப் பதிவேட்டை அதோடு கட்டிவைத்தன. தொழில் கருவியைப் பகல் முழுவதும் வீட்டில் விட்டுச்செல்ல முடியாத தகப்பனின் பிள்ளைகள் அந்தப் பதிவேட்டில் வராதவர்களாகிப் போனார்கள்.

தொலைக்காட்சி இதைவிட நியாயமாக நடந்துகொண்டது. 2006க்குப் பிறகு அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளால் ஏழை வீடுகளிலும் திரை என்ற ஒன்று இருந்தது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி டேட்டா கேட்கவில்லை, ரீசார்ஜ் கேட்கவில்லை. கேட்க முடியாதது மாணவரின் கேள்வியைத்தான். மூரின் அளவுகோலில் பார்த்தால் தொலைக்காட்சிதான் மிகத் தொலைவான ஆசிரியர். பாடம் ஓடும் அதே அறையில் நோயாளிப் பாட்டி படுத்திருப்பார், அதே அறையில்தான் அடுப்பும் எரியும்.

பள்ளிக் கட்டடம் மூடப்பட்டதால் போன இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கினார். வடசென்னையில் வாழ்ந்தவர் அவர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. பசித்த பிள்ளை படிக்காது என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் கண்டுகொண்டது, அதைப் பள்ளிக்கூடத்தின் சுவர்களுக்குள் வைத்துத் தீர்த்தது. 2020இல் அரிசியும் பருப்பும் பொட்டலமாக வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. அது குடும்பத்தின் அரிசியோடு கலந்தது. பிள்ளைக்கென்று தட்டில் விழும் சோறும் முட்டையும் அதற்கு ஈடாகாது.

கறுப்புக் கட்டங்கள்

நேரலை வகுப்பில் ஆசிரியர் பார்த்தது நாற்பது கறுப்புக் கட்டங்களை. கேமராவை ஏன் அணைத்து வைக்கிறாய் என்று கேட்டால் நெட் சரியில்லை என்பார்கள். நெட் சரியாக இருந்த வீடுகளிலும் கேமரா அணைந்தே இருந்தது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் உள்ள பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. இரவு ஷிப்ட் முடித்து வந்த அண்ணன் தூங்குகிறான், அம்மா துணி மடிக்கிறாள், கொடியில் ஈரப் பாவாடை தொங்குகிறது. இதில் எதுவும் வெட்கப்பட வேண்டியது கிடையாது. ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் வீட்டின் உள்பக்கத்தை வகுப்பு முழுவதும் பார்ப்பது பெரிய விஷயம். சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறபோது எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அந்தச் சீருடை மறைத்த வேறுபாட்டை ஒரு கேமரா திறந்து காட்டிவிடுகிறது. கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தியவர்கள் ஒழுங்கை நினைத்துச் செய்திருப்பார்கள். அது பிள்ளைகளுக்கு இழைத்த சிறுமை என்றே எனக்குப் படுகிறது.

ஆசிரியரின் பக்கத்திலும் இழப்பு சிறியதாக இல்லை. அனுபவமுள்ள கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே ஓரக்கண்ணால் வகுப்பைப் படிக்கிறார். யார் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள், யாருடைய நெற்றி சுருங்குகிறது என்பதைக் கண்டு அடுத்த வாக்கியத்தை மாற்றுகிறார். கற்றல் மேலாண்மை மென்பொருள்கள் இதற்குப் பதிலாக அட்டவணை தருகின்றன: எப்போது நுழைந்தார், எத்தனை நிமிடம் இருந்தார், எத்தனை மதிப்பெண் எடுத்தார். அந்தத் தகவலுக்குப் பயன் உண்டு. ஆனால் ஒரே கைப்பேசியில் அக்காவின் கணக்கில் தம்பியும் பாடம் பார்க்கும் வீட்டில் அந்த அட்டவணை யாரைப் பற்றிப் பேசுகிறது?

திரையின் அளவும் ஒரு சிக்கல். அரசுப் பள்ளிகளில் வணிகவியல் எடுத்துப் படிப்பவர்கள் இந்தப் பகுதியில் மிகுதி. கணக்குப்பதிவியலில் ஒரு பேரேட்டுக் கணக்கைப் பற்று, வரவு என இரு பக்கமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கைத் திரையில் ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தெரியாது. விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பதற்குள் இருப்பாய்வில் இரு பக்கக் கூட்டுத்தொகையும் எதற்காகச் சமமாக வேண்டும் என்ற அடிப்படையே நழுவிவிடுகிறது. இணையப் பாடங்களை வடிவமைப்பவர்கள் அவற்றை மடிக்கணினியில் சரிபார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அவற்றை விரிசல் விட்ட ஆறு அங்குலக் கண்ணாடியில் படிக்கிறார்கள்.

மழைக்காலத்துக்கு இணைய வகுப்பு மாற்றாகும் என்று சொல்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். மிக்ஜாம் புயலில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்ப் பகுதிகளில் தண்ணீர் புகுந்தபோது முதலில் போனது மின்சாரம், அதன் பின்னாலேயே கைப்பேசிச் சிக்னலும் போனது.

எல்லோருக்கும் திறந்த வகுப்பு

2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் துருனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் யாரும் சேரலாம் என்று திறந்து வைத்தார்கள். ஏறக்குறைய 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் ஏழில் ஒருவர் அளவுதான். அதற்குப் பின் வந்த பெருந்திரள் இணையப் பாடங்களில் இந்த விகிதம் பெரும்பாலும் இன்னும் குறைந்தது.

துருன் தொடங்கிய உடாசிட்டி நிறுவனம் 2013இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணிதம், புள்ளியியல் போன்ற பாடங்களை இணையத்தில் நடத்தியது. பின்தங்கிய பகுதி மாணவர்களுக்குக் குறைந்த செலவில் கல்லூரிப் பாடம் என்பது நோக்கம். தேர்ச்சி விகிதம் மிகக் குறைவாக வந்ததால் அந்த ஜூலையிலேயே திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதில் சேர்க்கப்பட்ட பள்ளி மாணவர்கள் சிலருக்கு வீட்டில் கணினியே கிடையாது என்பது வகுப்பு தொடங்கிய பிறகுதான் நடத்தியவர்களுக்குத் தெரிந்தது. உலகின் கணினித் தலைநகரத்திலேயே, வகுப்பை வடிவமைத்தவர்கள் பிள்ளைகளின் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை.

சென்னை ஐஐடி இதே காலத்தில் எடுத்த வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் பாடங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பும் அப்படித்தான்: பாடம் பதிவாக வருகிறது, தேர்வு நேரில். நுழைவுத் தேர்வில் ஒரே நாளில் வடிகட்டுவதற்குப் பதிலாக, நான்கு வாரப் பாடத்தைப் படிக்கவைத்து அதிலிருந்து தேர்வு வைக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற இளைஞருக்கு இது பொருந்துகிறது. இடறுவது மொழியில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர், முதல் வாரத்திலேயே ஆங்கில விரிவுரையில் திணறுகிறார். பக்கத்தில் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால் கடந்துவிடுகிறார், இல்லையென்றால் மூன்றாம் வாரம் நின்றுவிடுகிறார்.

பாவனையால் கற்கக்கூடியவை

மெய்நிகர் சூழல் என்றதும் பலருக்கு முகமூடி போன்ற கண்ணாடியும் பொம்மை உருவங்களும் நினைவுக்கு வருகின்றன. 2003இல் வந்த செகண்ட் லைப் என்ற மெய்நிகர் உலகத்தில் பல பல்கலைக்கழகங்கள் தீவுகள் வாங்கி, விரிவுரை அரங்கங்கள் கட்டின. உண்மையான அரங்கில் உட்காருவதைப் போலவே அங்கே பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்து விரிவுரை கேட்டன. கல்வி நிறுவனங்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2010 இறுதியில் நிறுத்துவதாக அறிவித்ததும் பல நிறுவனங்கள் வெளியேறின. விரிவுரையைக் கேட்பதற்கு முப்பரிமாணம் தேவையே இல்லை என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

தேவைப்படும் இடங்கள் வேறு. எட்வின் லிங்க் 1929இல் விமானம் ஓட்டப் பழகுவதற்கான பாவனைப் பொறியை உருவாக்கினார். தரையிலேயே உட்கார்ந்து விபத்தைச் சந்தித்து, எழுந்து வந்து மறுபடியும் முயல முடிந்தது. கப்பல் மாலுமிகளின் பயிற்சிக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1995இல் திருத்தப்பட்டபோது ரேடார் பயிற்சியைப் பாவனைக் கருவியில் பெறுவது கட்டாயமானது. சுத்திகரிப்பு ஆலைகளில் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்களும், சரக்குப் பெட்டகங்களைத் தூக்கும் ராட்சத கிரேன் ஓட்டுநர்களும் இப்படிப்பட்ட கருவிகளில் பழகுவது உலகெங்கும் வழக்கம். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, ராயபுரத்தை ஒட்டிச் சென்னைத் துறைமுகம், வடக்கே எண்ணூர்த் துறைமுகம் என்று இத்தகைய வேலைகள் நிறைந்த பகுதி இது. தவறு செய்தால் உயிர் போகும் வேலைகளை, தவறு செய்தாலும் உயிர் போகாத இடத்தில் கற்றுக்கொள்வதுதான் மெய்நிகர் சூழலின் மிகச் சிறந்த பயன். ஆலைப் புகையைச் சுவாசித்து வளரும் பிள்ளைகளுக்கு, அந்த ஆலையின் கட்டுப்பாட்டு அறை எப்படி இயங்குகிறது என்று பழகிப் பார்க்கும் வாய்ப்பு உள்ளூர் ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் கிடைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பள்ளி அளவிலும் இது பொருந்தும். பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வும் பருமனறி பகுப்பாய்வும் உண்டு. திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான ஒரு பியூரெட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றால் ஒருவர் திறக்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். அம்ரிதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் உருவாக்கிய இணைய ஆய்வகங்களில் அதே சோதனையை ஒவ்வொருவரும் பத்து முறை கெடுத்துச் செய்து பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற பாவனைச் சோதனைகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். முதலில் திரையில் பழகி, பிறகு ஆய்வகத்தில் உண்மையான பியூரெட்டைக் கையில் எடுக்கும் மாணவர் அந்த ஒரே வாய்ப்பை வீணாக்க மாட்டார். சொட்டுச் சொட்டாக விடும் விரல் பழக்கத்தைத் திரை தராது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

டியூஷன் அக்காவும் ஓர் அறையும்

வடசென்னையில் மாலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதோ ஒரு மாடிப்படியிலோ மொட்டை மாடியிலோ இருபது பிள்ளைகள் உரக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் கல்லூரி முடித்த, அல்லது முடிக்கப்போகும் ஒரு பெண் இருப்பாள். பிள்ளைகள் அவளை அக்கா என்றோ மிஸ் என்றோ கூப்பிடுவார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் அவள் நேரே வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவாள். எந்த மென்பொருளும் இதுவரை செய்யாத வேலை அது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பண்ணையில் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் தெருவில் இவள்தான்.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இந்த வழக்கத்தை அரசுத் திட்டமாக மாற்றியது. குடியிருப்புக்கு அருகிலேயே, மாலை ஐந்து முதல் ஏழு வரை, அந்தப் பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் பாடம் நடத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள். இணையக் கல்வி விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்ப வந்த திட்டம் அது. இணையக் கல்வியோடு சேர்ந்தே அது இருந்திருக்க வேண்டும் என்பது என் வாதம். பதிவு செய்த பாடங்கள் தமிழில் நிறைய இருக்கின்றன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களிலேயே க்யூஆர் குறியீடு இருக்கிறது, அதைக் காட்டினால் காணொளி திறக்கும். நல்ல பாடம், பக்கத்தில் தெரிந்த முகம், உட்கார ஓர் இடம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளைக்குக் கிடைத்த மாலைகள்தான் குறைவு.

இன்று உரையாடும் செயற்கை நுண்ணறிவு இந்த அக்காவின் வேலையை ஏற்கும் என்கிறார்கள். பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய கட்டுரையில், தனியாசிரியரிடம் படித்தவர்கள் வழக்கமான வகுப்பில் படித்தவர்களைவிட வெகுவாக முன்னேறினார்கள் என்று காட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனியாசிரியர் என்ற அந்தக் கனவைத்தான் இப்போது மீண்டும் விற்கிறார்கள். சந்தேகத்தைத் தமிழில் கேட்டு உடனே விளக்கம் பெறுவது தயங்கும் பிள்ளைக்குப் பெரிய உதவிதான், நான் அதை வரவேற்கிறேன். கேட்காத பிள்ளையிடம் அது தானாக வராது.

இடம் பற்றிய கேள்விக்கு அரசு அண்மையில் ஒரு விடையைத் தொட்டிருக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கான இடமும், கணினியோடு வேலை செய்வதற்கான இடமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. குளிர்சாதன வசதி, வேகமான இணையம், மேசை, நாற்காலி. வீட்டில் இல்லாதவற்றின் பட்டியலை அப்படியே எடுத்துக் கட்டியது போல இருக்கிறது. ஆனால் எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் மாலையில் பஸ் பிடித்துக் கொளத்தூர் போய்ப் படித்துவிட்டு இரவு திரும்ப அவள் வீட்டில் விடமாட்டார்கள். அவளுக்கு நடந்துபோகும் தூரத்தில் வேண்டும்.

அப்படிப்பட்ட இடங்கள் ஏற்கெனவே கட்டப்பட்டுப் பூட்டிக் கிடக்கின்றன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கணினிகளோடு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பள்ளி விட்டதும் அவை பூட்டப்படுகின்றன. கைப்பேசி வீட்டுக்கு வருவதற்கு முந்தைய அந்த ஐந்து மணி முதல் எட்டரை மணி வரைதான் எங்கள் பிள்ளைகளுக்குத் திரை தேவைப்படும் நேரம். காவலுக்கு ஒருவர், பாடம் சொல்ல அதே தெருவின் டியூஷன் அக்கா, அவளுக்கு ஒழுங்கான சம்பளம், பிள்ளைகளுக்கு ஒரு சுண்டல், இரவு பெண்கள் திரும்பும் தெருவில் எரியும் விளக்கு. புதிதாகக் கட்டடம் எழுப்புவதைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. முதலில் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் மண்டலங்களில் வார்டுக்கு ஒரு பள்ளி என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை மாதந்தோறும் வெளியிட்டால், அடுத்து எந்தப் பள்ளியின் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும்.